முட்டியில் ஒன்றுமில்லை

மூன்றாம் தேதி, மதியம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பா நன்றாகவே இருக்கிறார். அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நம் வீட்டில் இருப்பது ஒரே அறை. நான் போனை எடுத்தால் அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமும் உட்கார்ந்து என் வாயையே பார்ப்பார்கள். அவர்கள் இல்லாவிட்டாலும் எனக்குப் பேச வராது. "ம்", "சரி", "சாப்ட்டேன்", இந்த மூன்றைத் தவிர நான் போனில் பேசி நீ கேட்டதில்லை. எழுதும்போது மட்டும்தான் எனக்கு வாய் நீளம். லிஃப்டில் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் அட்டை வைத்து எழுதுகிறேன். ஆள் ஏறும்போதெல்லாம் மூடி வைக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

உன் கடிதம் வந்தது. பதினான்காம் தேதி உன் ஊர் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஆபரேஷன், இரண்டு முட்டியும், கம்பெனி காப்பீடு முழுதும் ஏற்றுக்கொண்டது என்று எழுதியிருந்தாய். அம்மா அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தாள். பிறகு அடுத்த வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அங்கேயும் படித்தாள். மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே உன்னைப் புகழ்கிறது. அப்பா கடிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தட்டில் போட்டதைப் பாதிதான் சாப்பிடுகிறார்.

ஆபரேஷனைப் பற்றி அவர் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி உனக்கு நினைவிருக்கும். எந்த மாடி என்று கேட்டார். வலிக்குமா, எத்தனை நாள் படுக்க வேண்டும், திரும்ப நடக்க முடியுமா, எதையும் கேட்கவில்லை. நீயும், "ஒன்பதாவது மாடி, ஆனால் பெரிய லிஃப்ட் இருக்கிறது, ஒரு படி கூட ஏற வேண்டாம், அப்பாவைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்" என்று அன்பாக எழுதிவிட்டாய். அதைப் படித்தபோது நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். நீ பார்த்திருக்க வேண்டும்.

அண்ணா, அப்பாவின் முட்டியில் ஒன்றுமில்லை. வலதிலும் இல்லை, இடதிலும் இல்லை. அவருக்கு லிஃப்டில் ஏறப் பயம். அவ்வளவுதான் வியாதி.

பத்தொன்பது வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனிதருக்கா என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஒரு விடுமுறை நாளில் அவர் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையை உனக்கும் சிரித்துச் சிரித்துத்தானே சொன்னார்? கட்டடத்தில் கீழே செருப்புக் கடையைத் தவிர எல்லாம் பூட்டியிருந்தது. கரண்ட் போய்விட்டது. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றுவிட்டது. கரண்ட் இல்லாதபோது மொட்டை மாடி அறையில் இருக்கும் சக்கரத்தைக் கையால் சுற்றினால்தான் லிஃப்ட் நகரும். அந்தக் கட்டடத்தில் சக்கரத்தைச் சுற்றத் தெரிந்த ஒரே ஆள் அப்பா. அந்த ஒரே ஆள் உள்ளே. கரண்ட் திரும்ப வரும் வரை நாலு மணி நேரம். "நல்லா ஒரு தூக்கம் போட்டேன்" என்று வெளியே வந்து சொன்னார். எல்லோரும் கைதட்டாத குறை.

அடுத்த வாரம் முட்டி வலி வந்தது.

வேறு எந்த வலியையாவது பிடித்திருக்கலாம். தலைசுற்றல் என்று சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். லிஃப்ட் ஓட்டுகிறவன் நாள் முழுதும் உட்கார்ந்துதான் இருக்கிறான். முட்டி வலி வந்தவனுக்கு உலகத்திலேயே தோதான வேலை அதுதான். இது அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேனேஜர் பாவப்பட்டு, "நீங்க கேட்டுல நாற்காலி போட்டு உக்காருங்க, லிஃப்டுக்கு உங்க பொண்ண அனுப்புங்க" என்றார். என்னைப் பத்தாம் வகுப்பில் பாதியில் நிறுத்தினார்கள். கேட் வேலையோடு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும் வேலையும் அப்பாவுக்குச் சேர்ந்தது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எட்டு மாடி ஏறி இறங்குகிறார். படியில்தான். முட்டி வலிக்காரர்! இரண்டு வக்கீல், மூன்று டாக்டர், ஒரு ஆடிட்டர் இருக்கிற கட்டடம். அத்தனை பேரும் படித்தவர்கள். அப்பா விறுவிறுவென்று படி ஏறுவதைத் தினமும் பார்க்கிறார்கள். "இந்த வயசுல, இந்த வலியோட, என்ன மனுஷன்யா" என்று பாராட்டுகிறார்கள்.

நொண்டுவதிலும் அப்பாவுக்கு ஒரு ஒழுங்கு கிடையாது. வலது முட்டி என்றுதான் தொடங்கினார். அவசரத்தில் இடது காலை இழுப்பார். ஒரு நாள் ஆடிட்டர், "என்ன இன்னைக்கு அந்தப் பக்கமா?" என்று கேட்டுவிட்டார். அன்று மாலையே வலி இரண்டு முட்டிக்கும் பரவிவிட்டது. உனக்கு "இப்போது இரண்டிலும்" என்று நான் கடிதம் எழுதியது அந்த வாரம்தான். நானும் நம்பித்தான் எழுதினேன். ஐந்தாவது மாடி எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, வயதுக்கு ஏற்ற தேய்மானம்தான், ஆபரேஷனெல்லாம் எதற்கு என்று சொன்னார், அதை உனக்கு எழுத வேண்டாம் என்று அப்பாதான் தடுத்தார். அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்றார். அவரைப் பார்க்கவும் படி ஏறித்தான் போனார்.

இங்கே உட்கார்ந்த பிறகு ஒன்று தெரிந்துகொண்டேன். பெரிய மனிதர்கள் என்று நாம் எழுந்து நிற்கிற ஆட்களில் பாதிப் பேர் எதையோ பார்த்து நடுங்குகிறவர்கள். மூன்றாவது மாடியில் பல் டாக்டர் இருக்கிறார். அவரிடம் வருகிறவர்கள் மூன்றாவது மாடி என்பார்கள், நான் கதவைத் திறப்பேன், இறங்க மாட்டார்கள். "கீழ ஒரு பொருள வெச்சுட்டேன் பாப்பா" என்பார்கள். கீழே போனதும் அப்படியே தெருவில் இறங்கிப் போய்விடுவார்கள். மீசை முறுக்கிய ஒரு ஆள் ஒரே வாரத்தில் மூன்று முறை கீழே பொருளை வைத்தார். நாலாவது மாடி வக்கீல் நடந்து வந்தால் தரை அதிரும். போன மாதம் லிஃப்டின் கூரையில் ஒரு பல்லி இருந்தது. என் கட்டை விரல் அளவுதான் இருக்கும். இரண்டாவது மாடியிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினார். "நடந்தா உடம்புக்கு நல்லது" என்று எனக்கு அறிவுரை வேறு. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. பயந்தால் பயம் என்று சொல்ல என்ன கேடு? பல்லி என்ன கேஸா போடப் போகிறது?

நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எந்த மாடி என்பதைக் கூட முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வராது. கையை மட்டும் நீட்டுவேன். ஊமைப் பெண் என்று நினைத்துக்கொண்டு என் முன்னால் எல்லாவற்றையும் செய்வார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நானே மாட்டிக்கொண்டேன். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், நாற்பது நிமிடம். என்னோடு ஒரே ஒரு அம்மாள். பல் பிடுங்க வந்தவர். நேரம் தவறிவிட்டது என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! தன் மருமகளைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்தார். எனக்கு ஒரு பயமும் வரவில்லை. யாரும் வந்து எதுவும் கேட்காத நாற்பது நிமிடம் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

அப்பா கேட்டிலிருந்து மொட்டை மாடிக்கு ஓடினார். எட்டு மாடி. கம்பிக் கதவு வழியாகப் பார்த்தேன், ஒரு எட்டில் இரண்டு படி தாண்டிப் போனார். சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை நாலாவது மாடிக்கு ஏற்றிவிட்டு அதே வேகத்தில் இறங்கி வந்தார். வெளிக் கதவைத் திறந்தார். உள்கதவை நான் திறந்தேன். அந்த அம்மாளுக்கு யாரோ கை கொடுத்தார்கள். எனக்குக் கை கொடுக்க அப்பா வரவில்லை. நாலடி தள்ளிச் சுவரோடு ஒட்டி நின்றார். லிஃப்டுக்குள் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து, உதடு உலர்ந்து, இரண்டு கையையும் சுவரில் வைத்திருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாம், ஸ்டூல், முட்டி, என் பள்ளிக்கூடம், எல்லாம்.

கூடியிருந்தவர்களுக்கு என்ன விளங்கியது தெரியுமா? "பாசம்னா இதுதான்யா. மகளுக்கு ஒன்னுன்னதும் வலியே தெரியல பாருங்க." வக்கீல்தான் சொன்னார். அப்பாவும் அதைக் கேட்டதும் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முட்டிக்குத் தடவும் எண்ணெயைச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றாள். ஒன்றரை வருடமாகத் தினமும் நோயில்லாத முட்டிக்கு எண்ணெய் தடவுகிறாள். வலிக்கிறதா என்று கேட்கிறாள், அவர் வலிக்கிறது என்கிறார், ஐயோ என்கிறாள். நல்ல கூட்டு. அப்படியானால் ஏன் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, "ஆம்பள மானம் போயிடும்டி, வாய மூடு" என்றாள். ஆபரேஷன் என்று உன் கடிதம் வந்த பிறகு மறுபடி கேட்டேன். "பெரிய டாக்டருங்க, தேவையில்லன்னா அவங்களே விட்டுருவாங்க" என்கிறாள். உன் ஊர் டாக்டர்கள் முட்டியில் துளை போட்டு உள்ளே பார்த்துத் தேவைப்பட்டால் மாற்றிவிடுவோம் என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்? நடக்கவே முடியாத மனிதர் என்று நீ சொல்லி வைத்திருக்கிறாய். அவர்கள் கத்தியை எடுக்காமல் என்ன செய்வார்கள்?

போன சனிக்கிழமை நான் அப்பாவிடமே பேசினேன். மதியம் இரண்டு மணிக்கு டாக்டர்கள் எல்லோரும் போய்விடுவார்கள், கட்டடம் காலியாக இருக்கும். லிஃப்டைத் தரைத்தளத்தில் நிறுத்தி இரண்டு கதவையும் திறந்து வைத்தேன். அப்பா நாற்காலியில் இருந்தார். அவர் முன்னால் போய் நின்று வாயைத் திறக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

"அப்பா, ஒரு மாடி. ஒன்னே ஒன்னு. நான் கூடவே நிக்கிறேன்" என்றேன்.

"முட்டி மடங்காதும்மா" என்றார்.

"மடக்க வேணாம்பா. நின்னுக்கிட்டே வரலாம்."

"அப்புறம் பாக்கலாம்."

"முட்டில ஒன்னும் இல்லப்பா" என்றேன்.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உள்ள இருக்கும்போது லைட்டு போச்சுன்னா நீ என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"உக்காந்திருப்பேன்பா."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"நான் எண்ணினேன்" என்றார். "யாராவது வர்ற வரைக்கும் எண்ணலாம்னு. நாலாயிரத்துக்கு மேல எண்ணினேன். அப்புறம் எதுக்கு எண்ணுறோம்னே தெரியல."

அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அதற்குள் செருப்புக் கடைக்காரர் டீ வாங்க வெளியே வந்தார். அப்பா உடனே சிரித்து, முட்டியைத் தேய்த்து, "ஆளக் கொல்லுதுங்க, பதினாலாந்தேதி வரைக்கும் தாங்குமான்னு தெரியல" என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. அப்பாவை அப்படி நினைக்கக் கூடாதுதான். நினைத்தேன்.

கடைக்காரர் போனதும், ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றேன். "பண்ணிட்டா நல்லதும்மா. கத்தி வெச்ச காலுன்னா அப்புறம் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்றார். ஒன்பதாவது மாடிக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. விடியற்காலையிலேயே போய், யாரும் பார்ப்பதற்கு முன் படியில் ஏறிவிடுவாராம். முட்டியை அறுத்துக்கொள்வதற்கு ஒன்பது மாடி ஏறிப் போகிற ஆளை நீ எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? "அண்ணங்கிட்ட மட்டும் சொல்லாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உன்னிடம் மட்டும் ஏன் கூடாது என்று மூன்று நாளாக யோசித்தேன். நீ சின்ன வயதில் வெளிச்சம் இல்லாமல் கொல்லைப் பக்கம் போக மாட்டாய். உறவுக்காரர்கள் வந்தால் அப்பா உன்னை முன்னால் நிறுத்தி, "இதான் எங்க வீட்டு மெழுகுவத்தி" என்று அறிமுகம் செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், எனக்கு அப்போது ஐந்து வயது, எதற்கென்று தெரியாது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாய். இப்போது அந்த மெழுகுவர்த்தியிடம் போய், எனக்கும் இருட்டில் உயிர் போய்விட்டது என்று எப்படிச் சொல்வார்? அதைவிட இரண்டு காலையும் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். நம் வீட்டு ஆண்பிள்ளைகளின் தைரியம் இவ்வளவுதான். கத்திக்கு அஞ்ச மாட்டார்கள். சிரிப்புக்கு அஞ்சுவார்கள்.

நீயும் ஒன்றும் குறைந்தவன் இல்லை. போன முறை வந்து பத்து நாள் இருந்தாயே, போர்வைக்குள் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. போனில் படம் பார்த்தேன் என்று காலையில் சொன்னாய். படம் பார்க்கிற வெளிச்சம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஊமைப் பெண்தானே.

உங்களை எல்லாம் இவ்வளவு கேவலமாக எழுதிவிட்டு என்னுடையதை எழுதாமல் விட்டால் நானும் அந்த வக்கீலும் ஒன்று. அதனால் எழுதுகிறேன். என்னைப் பள்ளியில் நிறுத்தியபோது நான் அழுதேனே, அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள், குடும்பத்துக்காகப் படிப்பை விட்ட பெண் என்று. அது நடிப்பு. வியாழக்கிழமை தோறும் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். என் முறை வரும்போது எழுத்து கண்ணுக்குத் தெரியும், சத்தம் வராது. நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு முறை பள்ளிக் கழிப்பறையில் வாந்தி எடுத்தேன். அப்பா வந்து லிஃப்டில் உட்காருகிறாயா என்று கேட்டபோது உள்ளுக்குள் குதித்தேன், வெளியே அழுதேன். அவர் முட்டிக்குப் பின்னால் அவர் ஒளிந்தார், நானும் சேர்ந்து ஒளிந்தேன். எல்லோரிலும் பெரிய பொய்க்காரி நான்தான், ஏனென்றால் எனக்குப் பாராட்டும் கிடைத்தது. அப்பா ஸ்டூலுக்குத் திரும்பி, நான் மறுபடி பள்ளியில் சேர்ந்தால் அந்த வியாழக்கிழமைகளும் சேர்ந்து வரும். பள்ளி திறக்க ஐந்து வாரம் இருக்கிறது. தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்கு என்ன சொல்வாயோ, அதை நீ பார்த்துக்கொள். ஆனால் அப்பாவுக்கு உடனே ஒரு கடிதம் எழுது. லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். முட்டியைப் பற்றியும் வேண்டாம். நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ளாதே. உனக்கு இன்னும் வெளிச்சம் இருந்தால்தான் தூக்கம் வருகிறது என்று மட்டும் எழுது. அவருக்கு அது போதும் என்று நினைக்கிறேன். போதாமலும் போகலாம். ஆனால் தனக்கு முன்னால் இன்னொரு ஆள் அதைச் சொல்லிவிட்டான் என்று தெரிந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாரோ என்னவோ. உன்னால் முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். கோபித்துக்கொள்ளாதே, நம் வீட்டைப் பார்த்து வந்த சந்தேகம்.

பன்னிரண்டாம் தேதி அப்பா இங்கிருந்து கிளம்புகிறார். இந்தக் கடிதம் உனக்கு ஏழாம் தேதி கிடைக்கும். அன்றைக்கே எழுதிப் போட்டால் பதினொன்றாம் தேதி அவர் கையில் இருக்கும். ஒரு நாள் தள்ளினாலும் வேண்டாம். அவர் உன்னைப் பார்த்துச் சிரித்தது தப்புதான். அந்தக் கடனை இப்போது தீர்த்துவிடாதே அண்ணா. அவரைப் பார்த்து நீ சிரிக்காதே.

வேளைக்குச் சாப்பிடு. வெயிலில் அலையாதே. விளக்கை அணைக்காமலே தூங்கு.

உன் தங்கை